ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர்

குழந்தை இறந்து பிறந்த பதினாறாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். பால் கட்டியிருந்ததால் மார்பைத் துணியால் இறுகச் சுற்றி, அதன்மேல் ரவிக்கை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் கம்பெனி தர்மபுரியில் ஒரு மரக்கடையின் மாடியில் இருந்தது. கிணற்று மோட்டாருக்கான பாதுகாப்புப் பெட்டிகள் செய்தோம். மும்முனைக் கரண்டின் மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டார் எரிவதற்குள் நிறுத்திவிடும் பெட்டி. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எண்பதுகளின் கடைசியில் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்து, டிப்ளமோ படித்தவள் என்று என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார். பெட்டிக்குள் போகும் சர்க்யூட் போர்டை அதில் வரைவது என் வேலை.

முதலில் போர்டின் எல்லைக்கோட்டைப் போட வேண்டும். பெங்களூரில் போர்டு செய்கிறவர்கள் அந்தக் கோட்டில்தான் வெட்டுவார்கள். கரண்ட் ஓடும் செம்புத் தடங்கள் அதற்கு மூன்று மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய ஓரத்தில் செம்பு வெளியே தெரியும். போர்டைச் சுற்றி இருப்பதோ இரும்புப் பெட்டி; செம்பு அதில் பட்டால் பெட்டி முழுக்கக் கரண்ட் பாயும்.

அன்று காலை பாய் புதுப் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"ஒடம்பு தேவலையாம்மா?"

"தேவலை பாய்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. "பெட்டி சிறுசாயிடுச்சு. போர்டு அகலத்துல மூணு எம்எம் கொறைக்கணும்" என்றார்.

வலதுபக்க எல்லைக்கோட்டை மூன்று மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தினேன். அந்தப் பக்கம்தான் மெயின் கரண்ட் வரும் செம்புத் தடம் இருந்தது. அதையும் நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தவில்லை. எங்கள் திரையில் எல்லாமே பச்சை நிறம். எல்லைக்கோடு செம்புத் தடத்தின்மேல் போய் உட்கார்ந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தக் கால மென்பொருள் இதையெல்லாம் தடுக்காது. ஆனால் நான் பார்த்தேன். இரண்டு கோடு இருந்த இடத்தில் ஒன்றுதான் தெரிகிறது என்பதைப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. பார்த்தும் மனதில் ஒன்றும் ஓடவில்லை. பெங்களூருக்கு அனுப்ப, வரைந்ததை ஃபிளாப்பியில் பதிந்து உறையில் போட்டுப் பாயிடம் கொடுத்துவிட்டு, நனைந்த துணியை மாற்றப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து, எங்கள் பெட்டிகளை விற்கும் கடைக்காரர் ஒரு பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு விவசாயி, தண்ணீர் கட்டிவிட்டு ஈரக்காலோடு வந்து பெட்டியில் கை வைத்திருக்கிறார். ஷாக் தூக்கி அடித்திருக்கிறது. உயிர் பிழைத்துவிட்டார். எர்த் கம்பியும் சரியில்லாத இடம்.

பாய் பெட்டியைத் திறந்தார். போர்டின் வலது ஓரம் கருகியிருந்தது.

"வெட்டுனவன் தப்பு இது. பெங்களூர்ல கேக்கறேன் நானு" என்றார்.

நான் எங்களிடம் இருந்த நகல் ஃபிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓரத்தை அளந்தேன். இடைவெளி பூஜ்யம் என்று வந்தது.

"அவங்க கோட்டு மேலதான் வெட்டியிருக்காங்க பாய். கோட்ட அங்க போட்டது நான்தான்."

பாய் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இருந்த நெலமைல உன்னை வேலை செய்ய வுட்டதே என் தப்பும்மா."

"நானாத்தான் வந்தேன் பாய்."

மறுநாள் இருவரும் அந்த விவசாயி வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். விவசாயி கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கையில் கட்டு. விழுந்ததில் தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தது. அவர் மனைவி பக்கத்தில் நின்றார். பாய் சிகிச்சைச் செலவைப் பற்றிப் பேசி முடித்ததும் நான் சொன்னேன்.

"அந்தப் போர்டை வரைஞ்சது நான்தானுங்க. ஓரத்துல எடம் வுடாம வரைஞ்சிட்டேன்."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, இவரு செத்திருந்தா என்னா பண்ணியிருப்ப? கல்லு மாதிரி நின்னு சொல்றியே. உனக்குப் புள்ளகுட்டி இல்லியா?"

"இல்லீங்க."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அவர் கேட்டது எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. கட்டிலின் கயிற்றில் ஒரு பின்னல் அறுந்து தொங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் பஸ்ஸில் பாய் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார். அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் தூங்கிப்போனேன்.

விற்ற பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கினோம். கடைக்காரர் வழிகாட்ட, கிணறு கிணறாகப் போய் நானே கழற்றினேன். சில இடங்களில் நன்றாக ஓடும் பெட்டியை ஏன் எடுக்கிறாய் என்று சண்டைக்கு வந்தார்கள். "தப்பா வரைஞ்சிட்டேனுங்க" என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். புதுப் போர்டில் செம்புத் தடத்தை ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன். அனுப்புவதற்கு முன் அச்செடுத்த தாளைப் பெட்டிக்குள் வைத்து, ஸ்கேலால் நாலு பக்கமும் அளந்து, பாயையும் அளக்கச் சொன்னேன்.

விவசாயியின் தோள் கூடிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை என்று கடைக்காரர் பின்னால் சொன்னார். புதுப் பெட்டியை இலவசமாக அனுப்பினோம். அந்த வீட்டில் அதை வாங்கிக்கொள்ளவில்லை.