அவன் கைகாட்டியது என்னை

செம்பூரில் ஒரு பட்டறையில் நானும் அவனும் பிரஸ் மெஷின் ஓட்டினோம். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்தவர்கள். தாராவியில் எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அங்கே அவன் தும்மினால் இங்கே என் மனைவி, "கசாயம் வச்சுத் தரவா?" என்று கேட்பாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாங்கள் மாறி மாறி ஓட்டிய மெஷினில், கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பியை அவன் கழற்றி வைத்தான்.

"போகும்போது மாட்டிருல," என்றேன். தலையாட்டினான்.

மாட்டவில்லை. அடுத்த ஷிப்டில் அங்கே நின்ற மராத்திக்காரருக்கு இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, கழற்றியது யார் என்று கேட்டார். அவன் என்னைக் காட்டி, "இஸ்னே, சாப்," இவன்தான் ஐயா, என்றான்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவன் வாயாலேயே உண்மை வந்துவிடும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அன்றே என் வேலை போயிற்று.

"நாக்கப் புடுங்குத மாரி நாலு கேள்வி கேளுங்களேன்," என்று மனைவி அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

நான் போகவில்லை. போனால் அடித்திருப்பேன். காலையில் குழாயடியில் அவன் எனக்கு முன்னால் நிற்பான். அவன் முதுகைப் பார்க்காமல், குடத்தில் தண்ணீர் ஏறுவதையே பார்த்து நிற்கப் பழகினேன். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு பல்லைக் கடிக்காமல். அம்பர்நாத்தில் வேறு வேலை கிடைக்கும்வரை அப்படித்தான் போனது.

ஒரு ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவன் என் கையைப் பிடித்தான்.

"எம்மேல கோவம் இல்லல்லா?"

"ஏம்ல எம்பேரச் சொன்ன?"

"வேற எவன் பேரச் சொன்னாலும் வெட்டிருப்பான். நீ பொறுத்துக்கிடுவன்னு தெரியும்."

அவன் பொய் சொன்னபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. என் பொறுமையை எடைபோட்டுப் பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். என் கையை அவன் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டேன்.

"கோவம் இருக்குல. நெறைய இருக்கு. அடிக்க மாட்டேன், அம்புட்டுத்தான். இனி எங்கிட்டப் பேசாத."

குரல் உயரவில்லை. அந்த மாதமே அம்பர்நாத்துக்குக் குடிபெயர்ந்தோம்.