காபந்து சார்

'கணவன், மனைவி இருவரும் மத்திய அரசுப் பணியில் இருந்தால், அவர்களை இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும்.' விதி இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போல ஆயுளை அலுவலகத்தில் கழித்தவர் என்றால், உங்கள் கண் நேராக அந்த 'இயன்றவரை'யில் போய் நிற்கும். அரசாங்கத்தில் எந்த விதிக்கும் ஒரு புறவாசல் உண்டு. அது இப்படி ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கும்.

இந்த விதி எனக்கு மறுபடி ஞாபகம் வந்த இடம் நாகர்கோவில் வடசேரிச் சந்தை. கடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முடிவுகள் வந்துகொண்டிருந்த நாள். முருங்கைக்காய் வாங்கப் போனவன் ஒரு சிப்ஸ் கடை வாசலில் நின்றுவிட்டேன். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தொலைக்காட்சியில் ஒரு பையன் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவனைச் சட்டை செய்யாமல் நேந்திரங்காயைச் சீவிச் சீவி எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெயில் காய் பொரியும் மணம் வந்ததும் எனக்கு டெல்லி ஞாபகம் வந்தது.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகம் நாகர்கோவிலில் ஒரு சிப்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கோப்பு, நாற்காலி, என் சட்டை எல்லாம் எண்ணெய் மணக்கும். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து முகர்ந்து பார்த்தார். குறை ஒன்றும் எழுதவில்லை. போகும்போது கீழே ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த அலுவலகத்துக்கு நான் நிரந்தர அதிகாரி அல்ல. இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவரைப் போடும்வரை அன்றாட வேலைகளை மட்டும் பார்த்துக்கொள் என்று என்னை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அது தொண்ணூற்றாறாம் வருடம். டெல்லியிலும் அப்போது அதே கதை. தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. தோற்றுப்போன அரசே, அடுத்த ஆள் வரும்வரை காபந்து சர்க்காராக இருந்தது. எங்கள் பியூன் நீலகண்டன் தோவாளைக்காரர். மேசை இழுப்பறையில் ஒரு டிரான்சிஸ்டரும் மண்டையில் நிறைய அரசியலும் வைத்திருந்தவர். அவர் எனக்குக் 'காபந்து சார்' என்று பெயர் வைத்தார். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேரிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்.

எங்கள் தட்டச்சர் சுகிர்தா. அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கணவர் ராபின்சனும் எங்கள் துறைதான், ஆனால் அசாமில். அவரை நாகர்கோவிலுக்கு மாற்றக் கேட்ட மனு எல்லா மேசைகளையும் கடந்து டெல்லிக்குப் போய்விட்டது. மாறுதல்களுக்குத் தடை இருந்த காலம். தடையைத் தளர்த்த மந்திரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் தேர்தல் வந்தது.

'வெளியிலிருந்து ஆதரவு' என்ற சொல் பத்திரிகைகளில் நிறைய அடிபட்ட சமயம் அது. ஒருநாள் மதியம் கட்டஞ்சாயாவைக் கொண்டு வைத்துவிட்டு நீலகண்டன் சுகிர்தாவிடம் ஆரம்பித்தார்.

"ஏன் மக்களே, ஒங்க வீட்டுக்காரரும் வெளிய இருந்து ஆதரவுதானே?"

"ஆமா அண்ணாச்சி. ஆதரவெல்லாம் இருக்கு. மந்திரிசபையில வந்து சேரத்தான் மாட்டேங்காரு."

அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு வெகுநேரம் தட்டச்சுப் பொறியின் நாடாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாடாவில் ஒரு கோளாறும் இல்லை.

அவர்களுக்கு ஒரு மகள், பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று, தாயும் பிள்ளையும் ராபின்சனோடு பேசிவிட்டு வருவார்கள். அந்தப் பிள்ளையின் கணக்கில் அப்பா என்பது பூத்தில் தொங்கும் கறுப்பு ரிசீவர். ஒருமுறை ராபின்சன் விடுமுறையில் வந்தபோது, மீசை வைத்த யாரோ ஓர் ஆள் என்று அலறி, அடுக்களையில் போய் ஒளிந்துகொண்டதாம். மனுஷன் முக்குக் கடைக்கு நடந்துபோய், அடுத்த வீட்டு எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். பிள்ளை ஓடிப்போய் எடுத்து, "அப்பா, எங்க வீட்ல ஒரு மாமா வந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறது.

காபந்து சர்க்கார் நடந்துகொண்டிருந்த வாரத்தில் சுகிர்தா ராஜினாமாவை நீட்டினாள். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அசாமுக்கே போய்விடுவதாக முடிவு. வாசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். "எந்தத் தேதியிலேருந்துன்னு போடலியே."

மறுநாள் தேதியோடு வந்தது.

"'கணவருக்கு மாறுதல் கிடைக்காத காரணத்தால்'னு எழுதியிருக்கே. ராஜினாமான்னா நிபந்தனை இருக்கப்பிடாது."

"அது காரணமாக்கும் சார். நிபந்தனை இல்ல."

"சென்னை மேலாபீசுல நிபந்தனைன்னுதான் வாசிப்பான்."

அடுத்த நாள் காரணம் ஏதும் இல்லாமல், ஒரே வரியில் எழுதிக் கொண்டுவந்தாள். குறை சொல்ல அதில் இடமே இல்லை. மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"சாருக்கு எல்லா விதியும் தெரியும். எங்கயாவது போன் அடிச்சா எம்பிள்ள அப்பான்னு சொல்லிட்டு ஓடுகது, அது எந்த விதியில வரும்? நான் வேலைய விட்டுட்டுப் போறேன்னு எங்கப்பாகிட்ட சொன்னேன். சாப்பிடாம எழும்பிப் போயிட்டாரு. எனக்கு மட்டும் இந்த வேலைய விட ஆசையா சார்?"

நான் விளக்கம் சொல்வதில் தேர்ந்தவன். அன்று ஒரு விதியும் வாயில் வரவில்லை. வந்தது நீலகண்டன் வைத்த பெயர்தான்.

"சுகிர்தா, நான் காபந்து. காபந்துன்னா உள்ளதப் பத்திரமா வச்சிருந்து, வாற ஆளுகிட்ட குடுக்கது. ஒரு வேலைய இல்லாம ஆக்குகதுக்கு எனக்கு அதிகாரம் கெடையாது."

"எப்பம் வரைக்கும் சார்?"

"டெல்லியில ஒரு மந்திரி வரட்டும். அவரு முடியாதுன்னு சொன்னா, நானே இதைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் குடுக்கேன்."

பொறுப்பு அதிகாரிக்கு ராஜினாமாவை ஏற்கும் அதிகாரம் இல்லை என்பது சரி. மேலே அனுப்பி வைக்கும் கடமை உண்டே என்று நீங்கள் கேட்கலாம். விதி முழுக்க என் பக்கம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இயன்றவரை இருந்தது.

அன்றே டெல்லிக்கு டிரங்கால் போட்டேன். எடுத்த குமாஸ்தா அலுப்போடு, "குர்சி காலி ஹை, சாப்" என்றான். நாற்காலி காலி. ஒரு தேசத்தின் நிலைமையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் கட்சி இல்லாமல் போயிற்று. நீலகண்டன் வேலைக்கு வருமுன் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். எதிர்க்கட்சிக்காரன் தொட்ட தம்ளரைக்கூடக் கழுவித்தான் குடிப்பார். அவரே, "எவன் வந்தாலும் செரி, பேனா பிடிக்கத் தெரிஞ்சா போரும்" என்று சொல்லத் தொடங்கினார். முதலில் வந்தது அவருக்கு ஆகவே ஆகாத அரசு. பதவியேற்புச் செய்தி வந்தபோது ஆகாதவர்களுக்காக எல்லாருக்கும் மட்டிப்பழம் வாங்கி வந்தார். எங்கள் துறைக்குத் தனி மந்திரி போடும் முன்னாலேயே அந்த அரசு பெரும்பான்மை இல்லாமல் இறங்கிப் போயிற்று. டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்றுதான் கேட்டோம்.

நீலகண்டன் டிரான்சிஸ்டரைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, அந்தப் பிள்ளைக்கு ஒரு கையெழுத்தப் போட்டுட்டு ராஜினாமா பண்ணியிருந்தா ஒனக்கு என்னலே கொறஞ்சிரும்?"

சுகிர்தா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு என் மேசையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய ஒரு வரி ராஜினாமா, பேப்பர் வெயிட்டுக்குக் கீழே இருந்தது. நான் அதன்மேல் செய்தித்தாளை எடுத்து வைத்தேன்.

அடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல கட்சிகள் சேர்ந்து அரசமைக்கக் கிளம்பின. சுகிர்தாவின் சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், "ஆண்டவரே, அந்தக் கட்சிக்காரங்க எல்லாருக்கும் ஒருமனப்பாட்டைத் தாரும்" என்று வேண்டிக்கொண்டார்களாம். அந்தக் கூட்டணிக்கு அவ்வளவு மனப்பூர்வமான ஆதரவு வேறெங்கும் கிடைத்திருக்காது. அவர்களுடைய குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் பத்திரிகையில் வந்தது. சுகிர்தா முழுக்க வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். "எங்களுக்கும் அதுதான் சார். ஒரே வீட்டுல மூணு பேரு. அதுக்குக் கீழ கொறைக்க முடியாது."

ஒருவழியாக அரசு அமைந்தது. எங்கள் துறை ஒரு சின்னக் கட்சிக்குப் போயிற்று. அந்த மந்திரியின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மறுபடி டிரங்கால் போட்டேன். மந்திரி வரவேற்புக்காகச் சொந்த ஊர் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு, கோப்புகளைப் பார்க்கத் தொடங்கவில்லை. பிறகு, பார்க்கிறார். இதற்குள் பள்ளிக்கூடம் திறந்தது. சுகிர்தா என்னிடம் எதுவும் கேட்காமல் பிள்ளையை நாகர்கோவிலிலேயே சேர்த்தாள். என்னை அவ்வளவு நம்பிவிட்டாள். மந்திரி முடியாது என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அந்தக் கட்டிடம் இப்போது இல்லை. டிரங்கால் போயிற்று, பூத்துகள் போயின, நீலகண்டனும் போய்விட்டார். இந்த முறை கூட்டணிப் பேச்சு நடந்தபோது என் வீட்டில் ஆளுக்கு ஒரு கைபேசியில் அவரவர் செய்தியைப் பார்த்தார்கள். யார் எந்த இலாகா கேட்கிறார்கள் என்பது உடனுக்குடன் தெரிந்தது. தனக்குப் பிடிக்காத அரசானாலும், பக்கத்து மேசைப் பெண்ணுக்காக அது நிலைக்க வேண்டும் என்று நினைக்கிற ஆளைத்தான் எங்கும் காணவில்லை.

டெல்லியிலிருந்து பதில் வந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தபால் பிரிப்பதும் சுகிர்தாவின் வேலைதான். உறையைக் கிழித்து வாசித்தாள். ராபின்சனை நாகர்கோவிலுக்கு மாற்றிய உத்தரவு. என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "சார், நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். விடுப்பு விண்ணப்பம் இல்லை, அனுமதி இல்லை. படிக்கட்டில் அவள் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. உத்தரவில் வரவு முத்திரை குத்தாமலே போயிருந்தாள். நான்தான் எடுத்துக் குத்தினேன். முத்திரையில் விழுந்தது ஆங்கிலத் தேதி. எங்கள் ஊர்க் கணக்கில் அது ஆவணி மாதத்து உத்திராடம், திருவோணத்துக்கு முந்தின நாள், வெளியூரில் இருப்பவர்கள் வீடு வந்து சேரும் நாள்.