மூன்றாவது பெட்டிக்குப் பெயர் இல்லை

பேச்சிராஜுக்கு எதையும் செய்து முடித்த பிறகுதான் யோசனை வரும். சங்கரன்கோவிலில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணப் பத்திரிகையில் சொந்த அண்ணன் காசிராஜன் பெயரையே விட்டுவிட்டு ஆயிரம் பிரதி அடித்துக்கொண்டு வந்தவர். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். அது பேச்சிராஜுக்கு இன்னமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் இருக்கும் அவர்கள் விவசாயக் காட்டில் போனுக்கு டவர் கிடைக்காது. மனைவி சுமதி அங்கே தனியாக நிற்பார். அதற்காக உள்ளங்கை அகலத்தில் ரேடியோ பெட்டிகள் வரவழைத்தார் பேச்சிராஜ். போனில் தட்டுகிற செய்தியைப் பெட்டி காற்றில் அனுப்பும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம். தூரம் எட்டாவிட்டால் நடுவில் இருக்கும் இன்னொரு பெட்டி வாங்கிக் கடத்திவிடும். ஆன்டெனா மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள் என்று கூட வந்த சீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம் ஆள் ஆன் செய்துவிட்டுத்தான் சீட்டைப் பிரித்தார். அந்தப் பெட்டியின் கதை அன்றே முடிந்தது.

வேறு வாங்கினார். கடையிலிருந்து காட்டுக்கு எட்டவில்லை. நடுவில் உயரமான இடம் ஒன்றே ஒன்றுதான்: அண்ணனின் மூன்று மாடி வீடு. அங்கே போக வர இருப்பவர் சுமதிதான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் மூன்றாவது பெட்டியைக் கட்டி, காசிராஜன் போனையும் அதில் சேர்த்துவிட்டு வந்தார். இனி ஒருவர் எழுதினால் மூவர் போனிலும் தெரியும்.

மறுநாள் காலை காசிராஜன் பெட்டிகளின் பட்டியலைப் பார்த்தார். 'பேச்சிராஜ் கடை'. 'சுமதி காடு'. மூன்றாவதற்குக் கம்பெனி போட்ட ஏதோ நம்பர்.

"சுமதி, அவன்ட்ட சொல்லு. இங்கனயும் என் பேர விட்டுட்டான். பெட்டியக் கழட்டிட்டுப் போவச் சொல்லு."

கடையில் பேச்சிராஜ் இதைப் படித்தார். கிடைத்த ஒரு வழியையும் தானே கெடுத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"சுமதி, அண்ணன்ட்ட சொல்லு. மறந்துட்டேன். நான் ஒரு மடையன்."

காட்டிலிருந்து பதில் வந்தது: "நான் களை எடுக்கேன். நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிடுங்க."

 போனைப் பார்த்துக்கொண்டே பேச்சிராஜ் ஒரு ஃபேனைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். கடைசியில் போன் முனகியது.

"ஏலே பேச்சி, பேர எப்படிலே மாத்தணும்?"

நாலே வரியில் பதில் எழுதியிருக்கலாம். பேச்சிராஜ் யோசிக்கவே இல்லை. ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.