காது மிஷினும் போர் வண்டியும்

ஓமந்தூரைத் தாண்டி, மல்லாட்டை என்னும் வேர்க்கடலை போட்ட ஒரு கொல்லையிலிருந்து கிளம்பி, திண்டிவனம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப் பை. வலது காதுக்குப் பின்னால் காது மிஷின். அது நன்றாகவே வேலை செய்தது. பின்னால் வந்த டிராக்டர், என் செருப்பு, புளியமரத்துக் குருவி எல்லாம் கேட்டது. சற்று முன்னால், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியின் முதலாளி சொன்னதும் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கீற? ராடு உள்ள மாட்டிக்கினு நிக்குது. காதுல மிஷின வச்சிக்கினு சத்தம் கேக்கலன்ற. போய்யா, வேற எதனா பொழப்பப் பாரு."

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். அதற்கப்புறம் போர் வண்டிதான் ஊர். ஆந்திரா, கர்நாடகா, சத்தீஸ்கர் என்று எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே போவோம். முதலில் ராடு தூக்கினேன். பிறகு ராடை ஏற்றி இறக்கும் லிவரில் உட்கார வைத்தார்கள். லிவரில் இருப்பவனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். கெட்டிப் பாறையை ராடு நுனியிலுள்ள ஹேமர் அடிக்கும்போது ஒரு சத்தம். உதிரிப் பாறைக்குள் இறங்கினால் அந்தச் சத்தம் சட்டென்று தளரும். தளர்ந்த உடனே ராடை மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் சரிந்த கல் ராடைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். அப்புறம் ராடும் போச்சு, குழியும் போச்சு.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே காது போனது. வண்டிச் சத்தம் கேட்கும். மனிதர்கள் பேசுவது மட்டும் பாதிப் பாதியாக வரும். ராடு மாற்றும்போது பையன்கள் "நிறுத்து" என்று கத்தினால் நான் திரும்பிப் பார்த்துச் சிரிப்பேன். ஒருவன் விரல் நசுங்காமல் தப்பியதைப் பார்த்த பிறகு முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மிஷின் வாங்கி மாட்டிக்கினு வா. இல்லன்னா லிவர வேற ஆளு கைல குட்த்துட்றேன்." லிவரை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் காது மிஷின் கடை. அங்கே இருந்த அம்மா கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தார். "எங்க கஷ்டமா இருக்குது அண்ணா?" என்று கேட்டார். "ஆளுங்க பேசறதுதாம்மா" என்றேன். வண்டியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. அதுதான் கேட்கிறதே. கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றி, பணம் கட்டுவதற்கு முன் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லிக் கொடுத்தார்.

அன்று காலை அந்த மல்லாட்டைக் கொல்லையில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி வேலை தொடங்கினோம். நிலத்துக்காரர் தன் மனைவியிடம் "தண்ணி வந்துரும் பாரு" என்று முணுமுணுத்ததுகூட எனக்குக் கேட்டது. வண்டியை முடுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சல், யாரோ அடுத்த ஊருக்கு ஓட்டிப்போன மாதிரி அடங்கிவிட்டது. இதுவல்லவா மிஷின் என்று நினைத்தேன். பக்கத்தில் ராடு எடுத்துக் கொடுப்பவன் மற்றவனிடம், "அண்ணனுக்குக் காது வந்துட்ச்சிடா. இனிமே ஜாக்கிரதையா திட்டணும்" என்றான். "இத்தினி நாளு இன்னா திட்டினன்னு சொல்லு, கேக்கறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிற்பகலில் ராடு நின்றுவிட்டது. சத்தம் எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவன் "தூக்கு, தூக்கு" என்று தொண்டை கிழியக் கத்தினானாம். அதுவும் கேட்கவில்லை. என்ன முறுக்கியும் ராடு அசையவில்லை.

முதலாளி போகச் சொன்னதும் திண்டிவனம் வரை நடந்து, அங்கே பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். கடையை மூடும் நேரம். நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போர் வண்டி ஓட்டறேன்னு சொல்லவே இல்லியே அண்ணா."

"நீங்க கேக்கலியேம்மா."

"ஆமா. நான் கேட்டிருக்கணும்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். விட்டுவிட்டு வருவது பேச்சு. ஒரே மாதிரி நீளமாக வருகிற சத்தம், ஃபேனோ மோட்டாரோ, பேச்சு இல்லை என்று மிஷினே முடிவு செய்து குறைத்துவிடும். அதில் இரண்டு மைக் இருக்கிறது. இரைச்சலான இடத்தில் முன்னால் இருப்பவர் பேச்சை எடுத்து, பின்னால் வருவதை அமுக்கும். எவ்வளவு பெரிய சத்தம் வந்தாலும் ஓர் அளவுக்கு மேல் உள்ளே விடாது. போன் பேச்சைக் கம்பியில்லாமல் நேராகக் காதுக்குக் கொண்டுவரும். கீச்சென்று விசிலடிக்காமல் பார்த்துக்கொள்ளும். எல்லாமே நல்லதுக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

"இந்தச் சத்தம் கொறைக்கிறத நிறுத்த முடியாதாம்மா?"

"முடியும். இன்னொரு புரோகிராம் போட்டுத் தரலாம். பட்டன அமுக்கினா மாறிடும்." அவர் திரையில், என் காது கேட்கும் அளவைக் காட்டிச் சரிந்து இறங்கும் கோட்டைப் பார்த்தார். "ஆனா அண்ணா, அந்த வண்டிகிட்ட இத போடவே கூடாது. அங்க காத அடைச்சிக்கினுதான் நிக்கணும்."

"அடைச்சிக்கினா எப்படிம்மா ஓட்றது?"

"இருக்கிற காதாவது நிக்கணும் இல்ல? சத்தம் இல்லாத எடமா பாத்து வேலைக்குப் போங்க" என்றார்.

வண்டி இல்லாமல் மிஷினை வாங்க எனக்கு வழியில்லை. கழற்றி மேஜைமேல் வைத்தேன். அவர் சின்னப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும் என்று சொன்னார். பாதிதான் கேட்டது, மீதியை உதட்டில் பார்த்துக்கொண்டேன். அதற்கு விலாசம் வேண்டும். எனக்கு விலாசமாக இருந்தது வண்டிதான்.

பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். காலையில் டீக்கடை வாசலில் ஒரு மினி வேன் நின்றது. மேஸ்திரி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைவில் "வர்றியா?" என்பது மட்டும் புரிந்தது. ஏறிக்கொண்டேன்.

திண்டிவனம் ரோட்டிலிருந்து உள்ளே போய், கல்லை உடைத்து ஜல்லியாக்கும் ஒரு கிரஷரில் இறக்கிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் போர் வண்டிச் சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை.

"எனுக்குக் காது கொஞ்சம் மட்டு" என்றேன்.

மேஸ்திரி என் காதோடு வாயை வைத்துக் கத்தினார். "அத்த வுடுய்யா. இங்க கேட்டு இன்னா ஆவப்போவுது? ஜல்தி மேல ஏறு."

ஏறினேன். லாரி கொட்டும் கல்லில் பெரியது வந்து கிரஷர் வாயில் அடைத்துக்கொண்டால் கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும். அதுதான் வேலை. முதல் கல் வந்து அடைத்தது. நெம்பினேன்.