முனிரத்தினம் விழுந்தது நான்கு முறை

முனிரத்தினம் போய்விட்டார். நேற்றுக் காலை, ஸ்ரீராம்புரத்தில், அவர் வீட்டிலேயே.

இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கை. கடைசியில் நிமோனியா.

இங்கே என் பதிவுகளைப் படிக்கும் நண்பர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. மாநகராட்சியில் தண்ணீர் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கே பதினான்கு மாதப் பழக்கம்தான்... இருவருக்கும் புராஸ்டேட் புற்றுநோய். ஒரு புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் டிரையலில் இருவரும் சேர்ந்திருந்தோம்.

ஆம், எனக்கும்தான். குடும்பத்துக்கு வெளியே இதை இப்போதுதான் சொல்கிறேன். வெட்கம்.

அவருக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. அந்த மருந்து ஆண் ஹார்மோனைத் தடுக்கும். திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். முதல்முறை எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்தபோது மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த முனிரத்தினம் எழுந்துபோய்த் துண்டைக் குழாயில் நனைத்து வந்து என் பிடரியில் வைத்தார். "பயப்படாதீங்க சார். என் பொண்டாட்டிக்குப் பதினஞ்சு வருஷம் முன்ன தீட்டு நின்னப்ப வந்துச்சே, அதே சூடு. இப்ப நமக்கு வந்துருக்கு. அவ தெனமும் பார்த்துச் சிரிக்கிறா."

நோய் தெரிந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அதே மருந்தால் மார்பு வீங்கி வலித்ததை இரண்டு மாதம் மறைத்தேன். அவர்தான் டாக்டரிடம் போட்டு உடைத்தார். "டாக்டரம்மா, எனக்கும் சாருக்கும் மார்ல வலி. சட்டை பட்டாலே எரியுது. அவரு சொல்ல மாட்டாரு, படிச்சவரு."

சரி... எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் ஒரு ஃபார்ம். என்ன தொந்தரவு வந்தது, எத்தனை முறை, லேசானதா கடுமையானதா... எல்லாம் ஆங்கிலத்தில். நான் நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவன். என் எழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால் பெஞ்சில் இருந்த பெரியவர்களின் ஃபார்ம் எல்லாம் என் மடிக்கே வரும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

"எழுதுங்க சார். இந்த மாசம் ரெண்டு தடவ வுழுந்துட்டேன். நின்னுட்டே இருக்கறப்ப காலு காணாம போவுது" என்றார் முனிரத்தினம் ஒரு மாதம்.

பின்னால் வந்து நின்றான் டிரையல் வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர். நாற்பது வயது ஆளை 'அவன்' என்று எழுதுகிறேன், மன்னிக்கவும்... இல்லை, மன்னிக்க வேண்டாம்.

என் காதோடு குனிந்து சொன்னான். "வயசானா தள்ளாட்டம் காமன் அங்கிள். லேசான தலைசுற்றல்னு போடுங்க. சிவியர்னு போட்டா மருந்தையே நிறுத்திருவாங்க. பாவம், அவருக்குத்தான லாஸ்?"

எழுதினேன். அடுத்த மாதம் மூன்றாவது முறை விழுந்ததற்கும் அதையே எழுதினேன்.

"நான் சொன்னதெல்லாம் போட்டுட்டீங்களா சார்?"

"போட்டாச்சு" என்றேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

பயம்தான். எனக்கு அந்த மருந்து வேலை செய்துகொண்டிருந்தது. அவனைப் பகைத்துக்கொண்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் சொந்த நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தேன். என்று விழுந்தார், எங்கே, எப்படி. என் வழக்கம் அது. அப்போது அதனால் யாருக்கும் பயன் இல்லை.

நான்காவது முறை குளியலறையில். அப்போதுதான் இடுப்பு போனது.

நேற்று மாலை, உடல் வீட்டில் இருக்கும்போதே, அவனிடமிருந்து எனக்கு போன். முதலில் வருத்தம் தெரிவித்தான். பிறகு...

"ஒரு சின்ன ஹெல்ப் அங்கிள். இடுப்பு உடையறதுக்கு முன்னாடியே அவரே டிரையல்ல இருந்து விலகிட்டார்னு ஒரு ஃபார்ம். பழைய தேதி போட்டு நீங்களே எழுதிடுங்க. அவருக்குப் பதிலா அவங்க மிஸஸ் ஒரு சைன் போட்டா போதும். நீங்க சொன்னா கேப்பாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன். குரல் எப்படியோ நடுங்கவில்லை.

"செய்யலாம் தம்பி. எனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி. என்ன தேதி, என்ன காரணம்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பிடுங்க. தப்பாயிடக் கூடாது பாருங்க."

அனுப்பினான். தேதி, காரணம், யார் எங்கே கையெழுத்து போட வேண்டும் என்பது வரை. கடைசியில் கும்பிடும் கை இரண்டு.

எனக்கு மறதி கிடையாது.

முனிரத்தினத்தின் மனைவி கஸ்தூரியம்மாவைத் தனியாக அழைத்து எல்லாம் சொன்னேன். நான் எழுதியதையும் சேர்த்து. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"உங்கள நம்புனாரு சார்."

பிறகு அவரே சொன்னார். "அவன வுடாதீங்க."

டிரையலைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு இன்று காலை கடிதம் எழுதி முடித்தேன். நோட்டின் நகல், வாட்ஸ்அப் செய்தியின் பிரிண்ட், எல்லாம் வரிசையாக வைத்து. பொய்யாக நிரப்பியது நான்தான் என்பது முதல் பத்தி. அவன் பெயரை இங்கே சொல்லவில்லை, கடிதத்தில் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

விழுந்ததற்கு மருந்துதான் காரணமா? தெரியாது. யாரும் அதைக் கேட்காதபடி பார்த்துக்கொண்டோம், அவனும் நானும்.

என்னை டிரையலில் இருந்து எடுக்கலாம். எடுக்கட்டும்.

அவனுக்கு வேலை போக வேண்டும். அந்தக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, எந்த மருந்தும் சாப்பிடாமலே அவனுக்கு வியர்க்க வேண்டும். எழுபத்துநான்கு வயதில் இப்படி ஆசைப்படுவது சரியா என்று தெரியவில்லை... ஆசைப்படுகிறேன்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். மல்லேஸ்வரம் தபால் ஆபீஸில் கவரைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே வருகிறேன், முனிரத்தினம்.