யு டர்ன் அக்கா

பயணிகள் குகை வாசலில் படம் எடுத்துக்கொண்டிருக்க, அக்கா ஓடையருகே குந்தி, தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிறார். மண் வாசம் இல்லை. எழுந்து இரண்டடி வைத்தவர், மனம் ஒப்பாமல் திரும்பிப் போய் இன்னொரு தடவை முகர்கிறார்.

பதினொரு வருடமாக வழிகாட்டி. இடுப்பில் ஒரு டார்ச், பையில் இரண்டு. மற்ற வழிகாட்டிகள் குகை நடுவே ஒரு நிமிடம் விளக்கை அணைத்து எல்லோரையும் கத்தவைப்பார்கள். இவர் அணைப்பதில்லை. "இருட்டு உங்க வீட்டுலயே இருக்கும். அதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மலையின் பின்பக்கம் மழை பெய்தால், வாசலில் வெயில் அடிக்கும்போதே குகைக்குள் ஓடை ஏறிவிடும். அந்தப் பயத்தில் இந்தப் பருவத்தில் மட்டும் நான்கு முறை கூட்டத்தைப் பாதியில் திருப்பி அழைத்து வந்திருக்கிறார். நான்கு முறையும் தண்ணீர் வரவில்லை. ஜீப் ஓட்டுநர்கள் 'யு டர்ன் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தடவை திருப்பினா உங்க வேலை டிக்கெட் கவுன்டர்லதான்" என்று சொல்லிவிட்டாராம்.

நான் போன அன்று பதினெட்டுப் பேர். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் ஈரத்தில் மின்னின. நடுக்கூடத்தில், கூரையைத் தாங்கும் பெரிய கல்தூணருகே எங்களை நிறுத்திக் கதை சொன்னார். "ஒரு கல்யாணக் கூட்டம், மழைக்கு உள்ள ஒதுங்கிச்சு. கூரை சரியுது. மாப்பிள்ளை தோள் குடுத்தாரு. 'நீங்க முன்னால போங்க மாமா, நான் வந்துடறேன்'னாரு. மாமனார் வாசல்ல நின்னு..."

பேச்சு நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"திரும்புங்க. ஓட வேணாம், நடங்க."

"பாதிக் கதைலயா?" என்றார் கழுத்தில் கேமரா மாட்டியிருந்தவர்.

"பாதிக் கதையோட வீட்டுக்குப் போகலாம் அண்ணே. நடங்க."

முணுமுணுத்துக்கொண்டே நடந்தோம். ஓடை மேல் போட்டிருந்த பலகைப் பாலம், உள்ளே போகும்போது இருந்ததைப் போலவே காய்ந்து கிடந்தது. ஆனாலும் ஒவ்வொருவர் முழங்கையையும் பிடித்துக் கடத்திவிட்டார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

வெளியே சுள்ளென்று வெயில். கேமராக்காரர் நேராக அலுவலகத்துக்குப் போய் மேலாளரைக் கையோடு அழைத்து வந்தார்.

"இது அஞ்சாவது" என்றார் மேலாளர்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஓடையையே பார்த்தார். கூழாங்கல் தெரியும் தெளிந்த நீர்.

"நாளைலேருந்து நீங்க..."

குகைக்குள் லாரி வருவதுபோல் ஒரு சத்தம். செம்மண் தண்ணீர் மரக்கிளைகளோடு வாசலை அடைத்துக்கொண்டு பாய்ந்தது. நாங்கள் படியேறி ஒதுங்கினோம். பாலத்துப் பலகை ஒன்று எங்கள் காலடியில் சுழன்று போனது. கேமராக்காரர் படம் எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மேலாளர் தானே போய் ஒரு டம்ளர் டீ வாங்கி வந்தார்.

"குடிங்கம்மா."

"அங்க வைங்க சார்."

கல்லின் மேல் இருந்த டீயில் ஆடை படிந்தது. அக்கா இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றார், வெளியே எடுக்கவேயில்லை.