மாமனாருக்கென்று வைத்த பீபெரி

எங்கள் கல்யாணம் 1966 ஆவணியில் நடந்தது. எங்கள் ஊரான தருமபுரி தனி மாவட்டமாகி ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. பெண் வீட்டார் பக்கத்திலிருந்து வந்தது ஒரே ஒருவர், அவளுடைய சிற்றப்பா. அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், நாங்கள் தமிழ். தன் அப்பா பார்த்து வைத்திருந்த அத்தை மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரசாங்க ஆபீஸ் குமாஸ்தாவான என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் கைநனைக்க மாட்டேன் என்று அவள் அப்பா சொல்லியனுப்பினார். சொன்னால் சொன்னதுதான். மறு வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்தபோது பார்க்க வந்தவர், கட்டிலுக்கு அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தாகம் எடுத்ததும் பையிலிருந்து தன் கூஜாவை எடுத்துத் தன் தண்ணீரைக் குடித்தார். அவர் போன பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர். ஆட்களுக்குப் பேர் போடுவது, கூலி கொடுப்பது, பழம் நிறுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. காபியைத் தவிர அவருக்கு வேறு பழக்கம் கிடையாது. அதிலும் பீபெரியைத் தவிர மற்றதைக் காபி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

பீபெரி தனிச் செடி அல்ல. காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள், தட்டையான பக்கங்கள் ஒட்டியபடி இருக்கும். எப்போதாவது ஒரு பழத்தில் ஒன்று மட்டும் முற்றி, இடமெல்லாம் தனக்கே என்று பட்டாணி மாதிரி உருண்டுவிடும். அதுதான் பீபெரி. அபூர்வம் என்பதால் விலை அதிகம். சாதாக் கொட்டை வாங்கவே மாசக் கடைசியில் யோசிக்கிற வீட்டில் அதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கும். கடைவீதியில் காபிக்கொட்டை விற்ற பாய் அதை வறுத்து ஒரு கண்ணாடி ஜாடியில், கல்லாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். டாக்டர் வீட்டுக்கும் ஒரு மண்டிக்காரர் வீட்டுக்கும் மட்டும் போகும்.

என் மனைவி அந்த ஜாடிப் பக்கம் போனதில்லை. மூட்டையைத்தான் பார்ப்பாள். சின்னத் தோட்டங்களிலிருந்து தரம் பிரிக்காமல் வரும் பச்சைக் கொட்டை அது. அதில் உருண்டைகளும் கலந்து கிடக்கும். கைவிட்டு, அவை அதிகமாக இருக்கும் இடம் பார்த்து அள்ளுவாள். வாங்கி வந்ததை முறத்தில் பரப்பி, லேசாகச் சாய்த்து, ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். தட்டைக் கொட்டைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். உருண்டைகள் மட்டும் உருண்டு கீழே வரும். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி தேறினால் பெரிது. அதைத் தனிப் பையில் போட்டு வைப்பாள். மீதியைத்தான் நாங்கள் குடிப்போம்.

ஒரு நாள் பாய் என்னிடம் சொன்னார்: "உங்க வூட்டம்மாவ இனிமே மூட்டையில கைவிட வேணாம்னு சொல்லுங்க சார். என் கடை உருண்டையெல்லாம் உங்க வூட்டுக்கே போயிட்டுது. ஜாடியக் காலி பண்ணாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோசம்."

அவள் பின்னால்தான் நின்றாள். "ஜாடியில இருக்கிறது போன வருசத்துச் சரக்குங்க பாய். சும்மா கொடுத்தாக்கூட வாங்க மாட்டேன்" என்றாள்.

பாய் சிரித்துக்கொண்டே ஒரு கை கூடுதலாகப் போட்டார்.

1969 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் சிற்றப்பா மூலம் தகவல் வந்தது. பண்டிகை கழிந்ததும் அண்ணன் வருவார், இந்த முறை வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது மாமனாரே சொன்னதா, தம்பி சேர்த்துக்கொண்டதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கே பையை அவிழ்த்தாள்.

அவள் வறுக்கும் விதத்தையும் காபி போடும் விதத்தையும் அப்படியே எழுதிவிடுகிறேன். கரி அடுப்பு, இரும்பு வாணலி, தணல் சீராக இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டு வறுக்க வேண்டும். பீபெரி உருண்டு புரண்டுகொண்டே இருப்பதால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்காது. முதலில் பச்சை வாசனை போய் மஞ்சளாகும். பிறகு படபடவென்று வெடிக்கும். சத்தம் அடங்கி, மரவட்டைபோல் செம்பழுப்பு நிறம் வந்ததும் இறக்கி, முறத்தில் கொட்டி விசிற வேண்டும். எண்ணெய் கசிந்து மினுங்கினால் தாண்டிவிட்டது என்று பொருள். ஆறிய பிறகே கை மிஷினில் அரைக்க வேண்டும். பித்தளை பில்டரில் பொடியைப் போட்டு அழுத்தாமல் சமன் செய்து, கொதித்த தண்ணீரை முதலில் பொடி நனையும் அளவு மட்டும் விட வேண்டும். பொடி உப்பி எழுந்து அமர்ந்த பிறகு மீதியை விட வேண்டும். தட்டக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது. சிக்கரி பேச்சே கிடையாது. முதல் டிகாக்ஷன் மட்டும், ஒரே கொதியில் இறக்கிய பாலில். சர்க்கரை பேருக்கு.

தீபாவளி போயிற்று. ஐப்பசி முடிந்து கார்த்திகையும் வந்தது. அவர் வரவில்லை. காரணம் எளிது. தோட்டத்தில் அந்த வருஷம் பழம் சீக்கிரமே சிவந்துவிட்டது. பழம் பறிக்கிற நாளில் ரைட்டர் லீவு போட முடியாது. ஏற்காட்டில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை.

சொல்லத் தேவையில்லாத இன்னொன்றும் இருந்தது. பச்சைக் கொட்டை வருஷக்கணக்கில் கெடாது. அரைத்த பொடி பதினைந்து நாள் தாங்கினால் அதிகம். அவள் முழுவதையும் அரைத்து, பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடியின் வாயில் துணி சுற்றி, அலமாரி உச்சியில் வைத்திருந்தாள்.

"நாமே குடிச்சுடலாம். மறுபடி சேர்த்துக்கலாம்" என்றேன்.

"மறுபடி சேக்க எத்தன மாசம் ஆவுது? அதுக்குள்ள அவர் வந்துட்டா, பாய் கடை சாதாவ நீட்டுறதா?"

"பழைய பொடிய நீட்டுறது மட்டும் நல்லாருக்குமா?"

"டின்னத் தொறக்கவே இல்லீங்களே" என்றாள். அவளுக்கே அது சமாதானமாகப் படவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனாலும் அந்த டின்னில் இருந்தது அவளுக்கு வெறும் பொடி இல்லை. அவர் வருவார் என்பதுதான் அதில் இருந்தது. திறந்து குடித்துவிட்டால், வரமாட்டார் என்று அவளே முடிவு கட்டியதுபோல் ஆகிவிடும்.

அவர் வந்தார். 1970 தை, பொங்கல் கழிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. காரிமங்கலத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு வந்துவிட்டு, சிற்றப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் சாமான்களோடு உட்கார வைத்துவிட்டு, நடந்தே வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஆபீசிலிருந்து வந்த நான்தான் முதலில் பார்த்தேன். கையில் கூஜா இல்லை. அவளும் அதைக் கவனித்தாள். நேரே அலமாரிக்குப் போனாள்.

நான் முன்னறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். எங்களுக்குள் பேச்சே இருந்ததில்லை. சமையலறைப் பக்கமிருந்து மணம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது நனைந்த மரத்தூள் வாசனை. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுத்து ஒரு வாய் குடித்தார். நாலாவது வருஷத்தில், எங்கள் வீட்டில், முதல் தடவையாக. கீழே வைத்தார்.

"எப்ப அரைச்சது?"

"ஐப்பசியில."

"பீபெரியா?"

"ஆமாங்க நைனா. நானே பொறுக்குனது."

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தோட்டத்தில் ஆட்களிடம் பேசுகிற அதே குரலில், "பொறுக்கத் தெரிஞ்சவளுக்குக் கெடாம வெக்கத் தெரியலயே. இது காபி இல்ல" என்றார்.

அவள் டம்ளரை எடுக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் தொண்டையைச் செருமினார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம், உள்ளே கேட்காத அளவு மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, வூட்டுல சாதாப் பொடி இருந்தா ஒரு வாய் போடச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி. குடிச்சிட்டுப் போறேன்."

நான் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். சாதாப் பொடி டப்பா காலி. மாசக் கடைசி. எங்கள் வரிசையில் காபி போடுகிற வீடு வேறு இல்லை. ஓட்டலில் ஒரு டம்ளர் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் அது எங்கள் வீட்டுக் காபி ஆகாதே என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு பாய் கடைக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை மதியம், கடை பூட்டியிருந்தது. தொழுகை முடிந்து எல்லோரும் வரும்வரை கடை வாசலில் நின்றேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு பூட்டைத் திறந்து, ஜாடிப் பீபெரியையே எடுத்து அரைத்துக் கொடுத்தார். காகிதப் பொட்டலம் கையில் சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நாற்காலி காலி. சேலம் பஸ் புறப்படப்போகிறது என்று சிற்றப்பா வந்து கூப்பிட்டாராம். மூடிய கதவைப் பார்த்து "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கிறார். நான் பஸ் ஸ்டாண்டுக்கும் போய்ப் பார்த்தேன். பஸ் போய்விட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இன்னொரு காபி கேட்டார், எதுவானாலும் குடிப்பதாகச் சொன்னார் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "நீங்க நல்ல மனுசன். எனக்காகச் சொல்றீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் ஏற்காட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று பலமுறை சொன்னேன். "அவரு கூப்பிடட்டும்" என்பாள். அங்கே அவரும் தம்பியிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. 1972 கோடையில் மாரடைப்பில் போய்விட்டார். நாங்கள் சாவுக்குத்தான் மலையேறினோம்.

அவர் திவசத்துக்குப் போய்வந்த ஒரு வருஷம், சாயங்காலம், அவளாகவே கேட்டாள். "அன்னைக்கு அவரு என்ன சொன்னாரு? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். மாப்பிள்ளை என்று தொடங்கினார் என்பதையும் சொன்னேன். எனக்கு அதுதான் பெரிய சாட்சியாக இருந்தது.

"எங்க அக்கா வூட்டுக்காரரக்கூட 'ஏமய்யா'ன்னு தெலுங்குலதான் கூப்பிடுவாரு. ஒருத்தரயும் மாப்பிள்ளைன்னு சொன்னதில்ல. நீங்க எனக்காகத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்து முடித்தவள்போல எழுந்து, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.